மேனேஜருக்குத் தைத்த பனியன்

எண்டெபி விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்து பார்த்த சுங்க அதிகாரி ஒரு இளம்பெண். மேலாக இருந்த பருப்புப்பொடியை முகர்ந்து தும்மினாள். நல்லெண்ணெய் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள். அதற்கும் கீழே, வேட்டி மடிப்புக்குள் நான் ஒளித்து வைத்திருந்ததை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள்.

வெள்ளைப் பனியன். ஒரு ஜாண் நீளம் இருக்கும். கழுத்து இருந்தது. கை இருக்கவேண்டிய இடத்தில் நீளவாக்கில் இரண்டு திறப்பு. பின்பக்கம் கீழே ஒரு வெட்டு. உள்ளே எங்கள் கம்பெனி லேபிள்கூட இருந்தது.

குழந்தைக்கா என்று கேட்டாள். பேத்தியின் பொம்மைக்கு என்றேன். எனக்குப் பேத்தி கிடையாது. மகளுக்கு இரண்டும் பையன்கள், மீசை முளைத்தவர்கள். எழுபத்தாறு வயதில், ஒரு நாட்டில் கால் வைத்த அரைமணி நேரத்துக்குள் பொய். அவள் சிரித்துக்கொண்டே அதை மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

அது ஒரு கிளிக்குத் தைத்த பனியன். அந்தக் கிளியின் பொருட்டுத்தான் நான் உகாண்டாவுக்குப் போனேன். கம்பாலாவில் இருக்கும் மகள் கோமதி பல வருஷமாகக் கூப்பிட்டும் போகாதவன், இந்த முறை நானாகவே வருகிறேன் என்று சொன்னதில் அவளுக்கு ஏக சந்தோஷம். காரணத்தை அவளிடமும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். பெருமாநல்லூரில் எங்கள் பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக ஒரு ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி இருக்கிறது. உகாண்டாக் காடுகளிலும் வாழும், அருகிக்கொண்டே வரும் இனம் அது. வாங்கியவன் நான். என் மனைவி போய்விட்டாள், கம்பெனியை மகன் செந்தில் பார்க்கிறான், எனக்கும் நாள் நெருங்குகிறது. கிளிக்கோ இன்னும் இருபது முப்பது வருஷ ஆயுள் பாக்கி. எனக்குப் பிறகு அதை வெள்ளகோவில் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம், காவலுக்கு ஆள் இருக்கிறான் என்று செந்தில் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அதை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டு வரத்தான் கிளம்பினேன்.

மறுநாள் காலை கோமதி வீட்டில் இட்லிதான். மத்தியானம் வெளியே சாப்பிட்டோம். வாழைக்காயை இலையில் கட்டி ஆவியில் வேகவைத்து மசித்து, மேலே கடலைக் குழம்பு ஊற்றித் தருகிறார்கள். மத்தோக்கே என்று பெயர். உப்பு கம்மி, மற்றபடி பழகிய ருசி. சோளமாவில் கிண்டிய வெள்ளைக் களியும் உண்டு. களி தின்று வளர்ந்த எனக்கு அந்நிய நாட்டில் இருக்கும் எண்ணமே வரவில்லை. தெருவோரத்தில் சப்பாத்திக்குள் முட்டையைச் சுருட்டிக் கொடுப்பதற்கு ரோலக்ஸ் என்று பெயராம். அந்தப் பலகைகளைப் பார்த்துவிட்டு, கைக்கடிகாரக் கடைகள் இத்தனை இருக்கின்றனவே, ஒன்றிலும் கடிகாரத்தைக் காணோமே என்று நான் கேட்டதைக் கோமதி இரண்டு நாள் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

மரியாதை விஷயத்தில் அந்த ஊர்க்காரர்கள் நம்மைத் தோற்கடித்துவிடுவார்கள். எந்த வாக்கியத்தின் முடிவிலும் ஆண்களுக்கு 'செபோ' என்று ஒன்று சேர்க்கிறார்கள், நம்முடைய 'ங்க' மாதிரி. ராத்திரி எப்படி இருந்தது, வீட்டில் எல்லோரும் நலமா, வேலை எப்படி என்று வரிசையாக விசாரித்துவிட்டுத்தான் தக்காளி விலையைச் சொல்கிறார்கள். கோயமுத்தூர்ப் பக்கம் பெண் பார்க்கப் போன மாதிரி இருந்தது.

பழைய துணிச் சந்தைக்கும் போனேன். உலகமெல்லாம் உடுத்திக் கழித்த துணி மூட்டை மூட்டையாக வந்து அங்கே பிரிகிறது. தொழில் புத்தி போகாது. ஒரு டீ ஷர்ட்டைத் திருப்பிக் கழுத்துத் தையலைப் பார்த்தேன். நம்மூர்த் தையல். லேபிளில் ஏதோ ஐரோப்பியக் கடையின் பெயர் இருந்தது. கடைக்காரர், நல்ல துணி செபோ, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தெரியும் என்றேன். எங்கள் ஊரிலிருந்து கிளம்பி எத்தனை முதுகு பார்த்துவிட்டு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. எதிர்த்திசையில் இங்கிருந்து எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த கிளியைப் பற்றி அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அது வந்த கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். பனியன் மொத்தச் சந்தையான காதர்பேட்டையில் எனக்குச் சரக்கு விற்றுக் கொடுத்த ஏஜெண்ட் ஒருவர், கடையில் சாம்பல் கிளி ஒன்று வைத்திருந்தார். வருகிற வெளியூர் வியாபாரிகளிடமெல்லாம் அது இந்தியில் வணக்கம் சொல்லும். எனக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றியது. வேறு காரணம் ஒன்றுமில்லை. அவர் எங்கேயோ சொல்லிவைத்து வாங்கிக் கொடுத்தார். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. எம்.ஏ. படித்தவன். கேட்கத் தெரியாமல் இல்லை.

நம்மூர்ப் பச்சைக் கிளியை நினைத்துக்கொண்டு அதைப் பார்க்கக் கூடாது. புறாவைவிடப் பருமன். உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம். ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் வெளிறிய கோடு ஓடுவதால் மீன் செதில் அடுக்கினது போலத் தெரியும். முகத்தில் கண்ணைச் சுற்றி இறகில்லாமல் வெள்ளைத் தோல். அலகு கறுப்பு. வால் மட்டும் அப்படி ஒரு சிவப்பு. சாயப்பட்டறையில் அந்தச் சிவப்பை எடுக்க நாங்கள் ஒருமுறை முயன்று தோற்றோம். கண் வெளிறிய மஞ்சள். அந்தக் கண்ணால் தலையைச் சாய்த்து ஒவ்வொருவரையும் அளந்து பார்க்கும். அதனால் கம்பெனிப் பெண்கள் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார்கள்.

செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் கூண்டை வைத்தேன். தைத்து வந்த பனியன்களைத் திருப்பிப் பார்த்து, தொங்கும் நூல் பிசிறுகளை வெட்டியும் பிய்த்தும் எடுக்கிற இடம் அது. முப்பது பெண்கள் நாள் முழுக்க அதையே செய்வார்கள். நான் காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று வருவேன். "பீஸ் ஆச்சுங்களா கண்ணு?" என்று பனியன் கணக்குக் கேட்பேன். மூன்றே மாதத்தில் மேனேஜர் அதைப் பிடித்துக்கொண்டது. என் குரலேதான். நான் ஊரில் இல்லாத நாளிலும் குரல் மட்டும் கேட்டுப் பெண்கள் திடுக்கிட்டு, "ஆச்சுங்க" என்பார்களாம். கேட்டு நான் பூரித்துப் போனேன்.

ஒரு வருஷம் போயிருக்கும். மேனேஜர் தன் மார்பு இறகுகளைப் பிய்க்க ஆரம்பித்தது. ஒன்றொன்றாக, நிதானமாக, பிசிறு எடுக்கிற மாதிரியே. எல்லோரும் சிரித்தோம். மேனேஜரும் டிரிம்மிங் பண்ணுது, பீஸ் ரேட் போடுங்க என்றார்கள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வந்தால் கூட்டிப்போய்க் காட்டி இந்த நகைச்சுவையைச் சொல்வேன். அவர்களும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

சிரிக்காதவள் ரோஸ்லின் ஒருத்திதான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், செக்கிங்கில் மூத்த கை. "மொதலாளி, அது பிசிறு எடுக்கல. தன்னையே பிச்சிக்கிட்டு இருக்கு" என்றாள், எல்லோருக்கும் முன்னால். உன் டேபிளை மட்டும் பாரு என்றேன். அத்தோடு விட்டேனா. மறுநாளே அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினேன். அது அவள் கைத்திறனுக்கு இறக்கம் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

மார்பு முழுக்க மொட்டையாகி ரத்தம் கசிந்தபோதுதான் பனியன்காரனின் புத்தி வேலை செய்தது. உடம்பு தெரிந்தால் பனியன் போடு. குழந்தை பனியன் கைக்கு வைத்திருந்த, இழுத்தால் விரியும் ரிப் துணியில் அளவெடுத்து ஒன்று தைக்கச் சொன்னேன். அதைத் தைத்தவளும் ரோஸ்லின்தான். சின்ன அளவு அவளுக்குத்தான் சுத்தமாக வரும். கொண்டுவந்து கொடுத்தபோது, "மூடிட்டா தெரியாதுல்லா மொதலாளி" என்று மட்டும் சொன்னாள்.

அப்புறம் தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. பெரிய ஆர்டர் கிடைத்தால் அந்தக் கலரில் ஒன்று.

மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில் ஆளேற்றிப் போகும் யூசுப் என்பவரைக் கோமதி எனக்கு ஏற்பாடு செய்து கொடுத்தாள். நாற்பது வயது, சிரித்த முகம். வண்டிகளுக்கு நடுவே அவர் புகுந்த புகுதலில் நான் குலதெய்வத்தை இரண்டு முறை கூப்பிட்டேன். நம்மூர் புஷ்பா தியேட்டர் ரவுண்டானா நெரிசலெல்லாம் ஒன்றுமில்லை. மரங்களின் மேல் ஆளுயரக் கொக்குகள், வழுக்கைத் தலையும் கழுத்தில் தொங்கும் பையுமாக, ரிடையர் ஆன சூப்பர்வைசர்கள் போல் நின்று எங்களைப் பார்த்தன.

சாம்பல் கிளி எங்கே பார்க்கலாம் என்று அவரிடம் கேட்டிருந்தேன். அவர் என்னைத் திரும்பி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி செபோ என்றார். காட்டுக்குப் போகிறோம் என்று நினைத்தேன். சந்து சந்தாக நுழைந்து ஒரு டயர் கடைக்குப் பின்னால் நிறுத்தினார். உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். என்னைப் பற்றி யூசுப்பிடம் ஏதோ கேட்டார். பிறகு தன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். படத்தில் ஒரு கோழிக்கூடை, அதற்குள் நாலைந்து சாம்பல் கிளிகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி. எல்லையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்றார். "உங்கள் ஆட்களுக்குப் பேசுகிற கிளி பிடிக்கும். எல்லாம் நன்றாகப் பேசும்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லி வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் யூசுப் வண்டியை ஓரமாக நிறுத்தி, ரொம்பப் பரிவாகக் கேட்டார்:

"விலை அதிகமா, செபோ?"

அவர் மேல் தப்பில்லை. என்னைப் பார்த்தால் வாங்குகிறவனாகத் தெரிந்திருக்கிறது. வாங்கினவன்தானே.

அன்று ராத்திரி கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜரைத் தூக்கிக் கொஞ்சினவள் அவள். கல்யாண ஆல்பத்தில்கூட அது இருக்கிறது. "அம்மா உங்ககிட்ட ஒரு தடவை சொன்னாங்கல்லங்க அப்பா, கூண்டத் தொறந்து அதை விட்டுறலாம்னு" என்றாள். சொல்லியிருக்கிறாள். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

கோமதி விசாரித்துச் சொல்லித்தான் நாலாம் நாள் எண்டெபிக்குப் போனேன். ஏரிக்கரையில், கடத்தலில் பிடிபட்ட பறவைகளை மீட்டு வைத்திருக்கும் ஓர் இடம். ஆள் நிரம்பினால்தான் கிளம்புவேன் என்ற வேன் ஒன்றரை மணி நேரம் நின்றது. நின்றதும் போதாமல் பாதி வழியில் எங்களை வேறு வேனுக்கு மாற்றிவிட்டது. காதர்பேட்டை லாரி செட்டில் பண்டல் மாற்றுவது போல மாற்றினார்கள்.

அங்கே பறவைகளுக்குப் பொறுப்பு கிரேஸ் என்ற அம்மா. ஐம்பது வயது இருக்கும். முழங்கை வரை கீறல் தழும்புகள். பெரிய வலைக்கொட்டகைக்குள் இருபது முப்பது சாம்பல் கிளிகள் இருந்தன. கூண்டில் ஒற்றையாகவே பார்த்துப் பழகிய எனக்கு, அவை ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்து கழுத்தைக் கோதிக்கொள்வது புதிதாக இருந்தது. தனக்கு எட்டாத பிடரியை மற்றதிடம் காட்டி ஒரு கிளி கண்ணை மூடிக்கொள்கிறது. மற்றது அலகால் புது இறகை மூடிய உறையை ஒன்றொன்றாக உடைத்து எடுக்கிறது. அதே அலகு, அதே நிதானம். மேனேஜர் செய்தது இந்த வேலையைத்தான். செய்ய வேறு ஆள் இல்லாமல் தனக்கே செய்து, செய்து, நிறுத்தத் தெரியாமல் போயிருக்கிறது.

கிரேஸ் பேசிக்கொண்டே வேலை செய்தார். காட்டில் இவை தனியாக இருப்பதே அபூர்வமாம். பகலில் சிறு கூட்டமாகப் பிரிந்து போய்ப் பனைக் கொட்டையும் பழமும் தின்னும்; உப்பு மண்ணுக்காகக் காட்டின் நடுவே வெட்டவெளியில் இறங்கும். அப்படி இறங்கும்போதுதான் வலை வீசுகிறார்கள். பழக்கின கிளி ஒன்றைக் கட்டிவைத்துக் கத்தவிட்டால் மற்றவை அதைத் தேடி வந்து கிளையில் தடவிய பசையில் ஒட்டிக்கொள்ளும். கூடு வைப்பது உயர்ந்த பழைய மரங்களின் பொந்தில். ஜோடி சேர்ந்தால் மாறுவதில்லை. மரம் போனால் பொந்து போயிற்று. பிடிபட்டதில் நிறைய, பெட்டிக்குள்ளேயே செத்துப்போகும்; பிழைத்துக் கடைக்கு வந்ததைத்தான் ஜனங்கள் பார்க்கிறார்கள்.

பனியனை எடுத்து அவரிடம் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். தையல் அருமை என்றார். நாங்களும் பழைய காலுறையை வெட்டி இப்படிப் போடுவதுண்டு, புண் ஆறுகிற வரைக்கும் ஒரு வாரம், பத்து நாள் என்றார்.

"உங்களுடையது எத்தனை நாள் போட்டிருந்தது?"

"பதினேழு வருஷமாக."

அவர் பனியனை என் மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கழுவப் போனார். திரும்பி வந்து இன்னொன்று கேட்டார். வந்தபோது அதன் கண் என்ன நிறம்?

மஞ்சள் என்றேன். நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் கண்ணுக்காகத்தானே மேனேஜர் என்று பெயர் வைத்தார்கள்.

குஞ்சுக் கிளிக்குக் கண் கறுப்பாக இருக்கும் என்றார் கிரேஸ். வளர வளரச் சாம்பலாகி, மஞ்சளாக வருஷங்கள் ஆகும். அப்படியானால் உங்களிடம் வந்தபோது அது முழுசாக வளர்ந்த பறவை. அதற்கு ஒரு கூட்டம் இருந்தது. ஜோடியும் இருந்திருக்கலாம்.

அந்தக் கேள்வியின் இன்னொரு முனை அவருக்குத் தெரியாது. சில வருஷங்களுக்கு முன், வெளிநாட்டுப் பறவை வைத்திருப்பவர்கள் தாமாக விவரம் கொடுத்துப் பதிந்துகொள்ளலாம் என்று அரசாங்கம் ஒரு வாய்ப்புக் கொடுத்தது. நானும் படிவம் நிரப்பினேன். உள்நாட்டில் பிறந்தது, குஞ்சாக வாங்கியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வளர்ப்பில் பிறந்த குஞ்சுக்குக் காலில் வளையம் போட்டிருப்பார்களே என்று கேட்டதற்கு, கழன்று விழுந்துவிட்டது என்றேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

அதைத் திருப்பிக் கொண்டுவந்தால் காட்டில் விடுவீர்களா என்று கடைசியில் கேட்டேவிட்டேன். கிரேஸ் மாட்டோம் என்றார். இறகில்லை, பறக்கத் தெம்பிராது. மனிதரோடு இருந்த நோய் காட்டுக்குப் போகும். எந்தக் காட்டிலிருந்து பிடித்தது என்றும் தெரியாது. அதுவும் போக, உங்கள் குரலில் பேசும், அதைக் கூட்டம் கற்றுக்கொள்ளும் என்றார். உங்கள் நாட்டிலேயே அதன் இனம் நாலைந்து இருக்கிற இடமாகப் பாருங்கள். எங்கே போனாலும் முதலில் ஒரு காகிதம் வேண்டும், அந்தக் காகிதத்தில் பொய் இருக்கக் கூடாது.

கிளம்பும்போது, பொழுது சாயட்டும், தோட்டத்தில் காட்டுக் கிளிகள் அடையவரும், பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். ஏரிக்கரையில் பெரிய பெரிய மரங்கள். கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்து, தீயில் சுட்ட ஒரு மீனையும் கொடுத்தார்கள். சைவம் என்று சொல்லச் சங்கடமாக இருந்ததால் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏரிப்பக்கமிருந்து முதலில் சத்தம்தான் வந்தது. மேலே பார்த்தேன். ஆறு, பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை. வெகு உயரத்தில், சிறகைச் சின்னதாக வேகமாக அடித்துக்கொண்டு, நேர்கோட்டில். மரத்துக்கு மேலே வந்ததும் திரும்பிச் சரிந்தபோது வெயில் பட்டு எல்லா வாலும் ஒரே சமயத்தில் சிவந்தன. ஒன்று இறங்கி உச்சிக்கிளையில் உட்கார்ந்து விசில் அடித்தது. இரண்டு சின்னது, அப்புறம் மேலே ஏறுகிற ஒரு நீண்டது.

நான் சட்டென்று திரும்பி கம்ப்ரசர் எங்கே என்று தேடினேன்.

அந்தச் சத்தத்தைப் பத்தொன்பது வருஷமாக எனக்குத் தெரியும். மேனேஜர் வந்த முதல் வாரமே, மாலை ஐந்தரை, ஆறு மணிக்குச் செக்கிங் ஹாலில் அது கேட்கும். கம்ப்ரசரில் காற்று லீக் ஆகிறது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். ஹோஸ் மாற்றினார். மறுநாளும் கேட்டது. வால்வையும் மாற்றினார். மூன்றாம் தரம் வந்து அரைமணி நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, லீக்குன்னு ஒண்ணு இருந்ததே இல்லீங்க. அந்தக் கிளிதானுங்க ஊதுது" என்றார். அப்படியானால் லீக் இருந்தபோது அது கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று நாங்களாக முடிவு கட்டினோம். மெக்கானிக்கையே ஏமாற்றிய கிளி என்று காதர்பேட்டை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். லீக் இருந்ததே இல்லை என்று அந்த மனிதர் சொன்னது காதில் ஏறவில்லை.

உச்சிக்கிளை விசிலுக்குப் பக்கத்து மரத்திலிருந்து பதில் வந்தது. அதற்கு இன்னொரு பதில். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி ராகம் உண்டு, உங்களுடையது இங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது என்றார் கிரேஸ். இருக்கலாம். ஆனால் அந்த மூன்றாவது ஏறும் இடம் எனக்குத் தெரியும். அடைகிற நேரத்தில், நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே என்று கேட்கிறது. பத்தொன்பது வருஷம் தினமும் கேட்டிருக்கிறது. நாங்கள் ஹோஸ் மாற்றினோம்.

மீன் ஆறிப்போய்விட்டது. பக்கத்தில் இருந்த பூனைக்கு வைத்தேன்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் பேக்கிங் பக்கம் போய் ரோஸ்லினைப் பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தாள், எப்போது போட்டாள் என்று தெரியவில்லை. நீ அன்றைக்குச் சொன்னது சரி, உன்னை இங்கே மாற்றியதும் அதற்குப் பனியன் போட்டு மூடியதும், நான் செய்த இரண்டும் தப்பு என்றேன். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே கேட்டாள். "எனக்கு என்ன மொதலாளி, நா பேசுவேன், சண்ட போடுவேன், கோவம் வந்தா ஊருக்குப் போயிருவேன். அது எங்க போவும்?" அப்புறம், பனியனைக் கழற்றப்போகிறீர்களென்றால் வெட்டாதீர்கள், பக்கத் தையலைப் பிரித்தால் அதற்கு வலிக்காது என்று சொல்லி அவளே வந்து பிரித்தாள். அடியில் இருந்ததைப் பார்க்க அவள் திரும்பிக்கொள்ளவில்லை. நான் திரும்பிக்கொண்டேன்.

செந்திலுக்குக் கோபம். "பையர் ஆடிட் வருதுங்கப்பா. இப்பப் போயி நாமளே கேஸ எடுத்து மடியில போட்டுக்கணுமுங்களா? யாரு கேட்டாங்க?" என்றான். யாரும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம் என்றேன். படிவம் என் பெயரில் இருக்கிறது, வருவது எனக்கு வரட்டும் என்றேன். மூன்றாம் நாள் அவனே காரை எடுத்தான்.

வனத்துறை அலுவலகத்தில் அதிகாரி என் பழைய படிவத்தையும் புதிய கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"குஞ்சா வாங்குனேன்னு எழுதியிருக்கீங்களே?"

"பொய்ங்க."

இத்தனை வருஷம் கழித்து ஏன் வந்து சொல்கிறீர்கள் என்று கேட்டார். கண்ணு மஞ்சளா இருந்துதுங்க என்றேன். அவருக்குப் புரியவில்லை. உட்கார வைத்து முழுசாகச் சொன்னேன். எழுதிக்கொண்டார். வழக்கு போட்டிருக்கிறார்கள், நடக்கிறது. அதைப் பற்றி எனக்குக் குறை ஒன்றுமில்லை.

மேனேஜரைப் பக்கத்து மாவட்டத்தில் ஒரு பராமரிப்பு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். என்னைப் போன்றவர்களிடமிருந்து வந்த சாம்பல் கிளிகள் ஆறு அங்கே இருக்கின்றன. முதலில் தனியாக வைத்து நோய் பார்த்து, பிறகு மற்றவற்றின் பக்கத்தில் வைத்தார்களாம். பழைய ஆளைப் பார்த்தால் பறவை திரும்பக் குழம்பும் என்று என்னை வர வேண்டாம் என்றார்கள். நாலு மாதம் கழித்து, சுவருக்கு வெளியே நின்று கேட்டுக்கொள்கிறேன், உள்ளே வரமாட்டேன் என்று கெஞ்சி அனுமதி வாங்கினேன்.

மாலை ஐந்தேமுக்கால். பராமரிப்பவர் என்னோடு சுவரோரம் நின்றார். உள்ளேயிருந்து விசில் வந்தது. இரண்டு சின்னது, ஏறுகிற ஒரு நீண்டது. மேனேஜர்தான். கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்திலிருந்து, அரைகுறையாக, மூன்றாவது ஏறும் இடத்தில் தடுமாறி, பதில் வந்தது. மேனேஜர் மறுபடி ஊதியது. இம்முறை பதில் உடனே வந்தது.

போதும் என்று திரும்பினேன். நாலு அடி வைத்திருப்பேன். பின்னாலிருந்து கேட்டது:

"பீஸ் ஆச்சுங்களா கண்ணு?"

மேனேஜரின் குரல் இல்லை அது. இன்னும் கீச்சென்று, புதிதாகக் கற்றுக்கொண்ட குரல். மற்ற கிளி.

பராமரிப்பவர் சிரித்தார். இப்ப இங்க எல்லாமே இதைத்தான் சொல்லுதுங்க, யாரு கத்துக் குடுத்தாங்களோ தெரியல என்றார்.

பேசாமல் போயிருக்கலாம். அவருக்கு என் குரல் தெரியாது.

"நான்தாங்க" என்றேன்.